கிழக்கு மாடி அறை

வென்ஃபீல்ட்,
மாசசூசெட்ஸ் குடியேற்றம்,
1722 செப்டம்பர்.

முதலில், இதை வாசித்துக் காட்டப்போகும் சகோதரிக்கு: உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்களும் என் மகளைப்போல இந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், ஆனால் நம் பேச்சை மறக்காதவர் என்று, அங்கே வந்துபோகும் தோல் வியாபாரி டிர்க் சொன்னார். தயவுசெய்து மெதுவாக வாசியுங்கள். ஒரு வார்த்தை அவளுக்குப் புரியாவிட்டால் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, திரும்ப ஒருமுறை நம் பேச்சிலும் சொல்லுங்கள். அவள் காதில் விழட்டும். உங்களைப் பெற்றவளும் எங்கேயாவது உங்களை நினைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகவும் நான் ஜெபம் செய்கிறேன்.

என் பிரியமான மகள் தபிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தரின் இரக்கத்தால் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உன் அண்ணன் எலியாப், அவன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். உனக்கு அங்கே வேறு பெயர் வைத்திருக்கிறார்களாம். டிர்க் பொறுமையாகச் சொல்லிக் காட்டினார்; என் நாக்குக்கு அது வரவில்லை. நீ பிறந்த அன்று உன் அப்பா சொன்ன பெயரைத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

டிர்க் வசந்தகாலத்தில் வந்தார். தோல் வாங்கி விற்கும் டச்சுக்காரர்கள் ஆல்பனியிலிருந்து இவ்வளவு தூரம் கிழக்கே வருவது அபூர்வம். எலியாபின் சமையல் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இது தச்சர் ரூபன் ஸ்வெய்ன் வீடுதானே என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணு உயிரோட இருக்காங்க அம்மணி. நல்லா இருக்காங்க. எத்தியேன்னு ஒரு கல் கொத்தனாரைக் கட்டியிருக்காங்க. ரெண்டு பையன், ஒரு பொண்ணு" என்றார். என் கையில் இருந்த கரண்டியை யார் வாங்கி வைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

நீ சொல்லி அனுப்பியதை அவர் அப்படியே சொன்னார். உன் கணவருக்கு நீ மரவீட்டில் பிறந்தவள் என்பதே வேடிக்கையாம். "உங்கப்பா கட்டினது வீடா, கப்பலா?" என்று கேட்டுச் சிரிப்பாராம். அது எப்படிக் கட்டிய வீடு என்று அவருக்குச் சொல்ல உனக்குத் தெரியவில்லை. "மாடிப்படி ஏறும்போது ஒரு பக்கச் சுவர் வெதுவெதுன்னு இருக்கும். அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. அது ஏன்னு அம்மாகிட்டக் கேட்டுட்டு வாங்க" என்றாயாம்.

அது சுவர் இல்லை, தபிதா. அது புகைபோக்கி.

நம் வீட்டின் நடுவில் நிற்பது அதுதான். உன் கணவர் தொழில் தெரிந்தவர். அவருக்குச் சொல்: முதலில் புகைபோக்கி, பிறகுதான் வீடு. ஈரக் களிமண்ணில் செங்கல்லை அடுக்கி, கீழே ஒரு மாட்டை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அகலமாக எழுப்பி, கூரைக்கு மேலே வரும் பகுதிக்கு மட்டும் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு வைத்தார் உன் அப்பா. இரண்டு பக்கமும் அடுப்பு வாய். வாசல் கதவைத் திறந்தால் நேரே அதன் செங்கல்தான் முகத்தில் முட்டும். அதற்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் குறுகின இடத்தில்தான் படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது. நீ ஏறும்போது உள்ளங்கையை அதில் தேய்த்துக்கொண்டே போவாய். உன் கை எப்போதும் சிவந்து கிடக்கும், நான் திட்டுவேன்.

கப்பல் என்று உன் கணவர் சிரித்தது அவ்வளவு தப்பில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், உன் அப்பாவும் அவரைப் பெற்றவரும் பனிக்காலம் முழுக்கக் கருவாலி மரத்தைச் செதுக்கினார்கள். தூண், உத்திரம், சட்டம் எல்லாவற்றையும் தரையில் படுக்க வைத்தே ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பார்த்து, ஒவ்வொரு பொருத்திலும் உளியால் அடையாளம் வெட்டினார்கள். பிறகு கழற்றி அடுக்கிவிட்டு, நிலம் இளகியதும் ஊரைக் கூப்பிட்டார்கள். ஊரே வந்து கழியால் முட்டுக்கொடுத்து ஒரே நாளில் தூக்கி நிறுத்தியது. ஓர் இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே வைக்கோல் மிதித்த களிமண். மிதித்தவர்களில் நானும் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டு மண்ணை மிதிக்கிறாள் பார் என்று என் அக்கா கேலி செய்தாள். வெளியே பலகை, மேலே மரச்சில்லுக் கூரை. கூரை ஏன் அவ்வளவு செங்குத்து என்று கேட்டேன். உன் தாத்தா இங்கிலாந்தில் வைக்கோல் வேய்ந்த கூரைகளைக் கட்டிப் பழகியவர். வைக்கோலில் தண்ணீர் நிற்காமல் ஓட அந்தச் சரிவு வேண்டுமாம். இங்கே வைக்கோல் வேயவில்லை என்றாலும் அவர் கை அந்தச் சரிவைத்தான் வெட்டியது.

அப்போது பாதி வீடுதான். புகைபோக்கிக்கு மேற்கே கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. சமைத்தது, சாப்பிட்டது, எலியாப் பிறந்தது, அவனுக்குப் பின் வந்த இரண்டும் இறந்தது எல்லாம் அதிலேதான். பிறகு நாலு நல்ல அறுவடை வந்தது. உன் அப்பா கிழக்குப் பாதியைக் கட்டினார். அங்கே நடு உத்திரம் மேற்கே இருப்பதைவிடப் பெரிது. அதன் விளிம்பைச் சீவி, நுனியில் ஆட்டின் நாக்குபோல் ஒரு வளைவு கொடுத்தார். முன்பக்கம் மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போதகர்கூட, ஒரு தச்சருக்கு இத்தனை அலங்காரம் ஆகாது என்றார். உன் அப்பா சிரித்தார்.

நீ அந்தப் பாதியில் பிறந்தாய். மேலே இருக்கும் கிழக்கு அறை உன்னுடையது. அதில் ஒரு ஜன்னல் மற்றவற்றைவிடத் தாழ்வாக இருக்கும். நீ சதுப்புநிலத்தைப் பார்க்க வேண்டும் என்று பெட்டிமேல் ஏறி நின்று விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாய். மறுநாளே அப்பா சுவரைப் பெயர்த்து, உன் தாடை உயரத்துக்கு ஜன்னலை இறக்கிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் வீடு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது என்று ஊரில் சிரிப்பார்கள். நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறதா?

உன் அத்தைக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று உன்னை ஆற்றங்கரைக் குடியேற்றத்துக்கு அனுப்பினோம். அந்தப் பனிக்காலத்தில் பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு வந்த செவ்விந்தியரும் அங்கே புகுந்தபோது நடந்தது எங்களைவிட உனக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. உன்னைப் பனிமேல் நடத்திக் கூட்டிப்போனவர்களில் ஒருவர் கடைசி வழியெல்லாம் உன்னைத் தோளில் தூக்கிப் போனார் என்று மீண்டுவந்த ஒருத்தி சொன்னாள். அவருக்கும் கர்த்தர் இரங்கட்டும்.

இப்போது எழுதப்போவதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. உன் அப்பா இறந்துவிட்டார், தபிதா. நாலு வருஷம் ஆகிறது. உனக்கு அது தெரியாது என்று டிர்க் சொன்னார். பிரெஞ்சுக்காரரோடு சமாதானம் ஆனபின் தூதுவர்களோடு அவர் மொன்றியாலுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். கன்னிமாடத்தின் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாயாம். நீ பேசியது அவருக்குப் புரியவில்லை; மொழிபெயர்த்தவர் சொன்னது புரிந்தது. தனியாகத் திரும்பி வந்தவர், "நல்லா வளர்ந்திருக்கா, டாம்சின். உன் உயரம். கம்பளிச் சட்டை நல்லதாப் போட்டிருந்தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் வீடு கட்டவில்லை. வண்டிச் சக்கரம் மட்டும் செய்தார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாளில் முடிந்தது. நினைவு தெளிவாக இருந்தது. உயிலைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.

வீட்டின் மேற்குப் பாதி எலியாபுக்கு. கிழக்கில் கீழே இருக்கும் பெரிய அறை, என் உயிர் உள்ளவரை எனக்கு. ரொட்டி அடுப்புக்கும் கிணற்றுக்கும் சமையல் கூடத்தின் வழியே போய்வர எனக்கு உரிமை. கிழக்கு மாடி அறை, கர்த்தர் கனடாவிலிருந்து தபிதாவைத் திரும்பக் கொண்டுவந்தால் அவளுக்கு. இல்லையென்றால், அவள் தாய் தன் வாயால் "காத்திருந்தது போதும்" என்று சொல்லும் நாளில் அது எலியாபுக்கு. எழுதியவர், சட்டத்தில் அப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்றார். உன் அப்பா, "எழுதுங்க" என்றார்.

கோர்ட்டார் அனுப்பிய ஆட்கள் வந்து வாசல் கதவின் நடுவிலிருந்து புகைபோக்கியின் நடுவழியாகக் கயிறு பிடித்து வீட்டைப் பிரித்தார்கள். உன் அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்போ இனிமே நாங்க கதவுல பாதியத்தான் தொறக்கணுமா?" என்றாள். கயிறு பிடித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் அண்ணியை நீ பார்த்ததில்லை. பெயர் சப்மிட். அந்த வார்த்தை உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன், "அடங்கி நட" என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் ஆசைக்கு வைத்திருப்பார்கள். உழைப்பாளி, நெஞ்சில் வஞ்சம் கிடையாது, வாய் மட்டும் ஊர் எல்லைவரை கேட்கும். அவளுக்கு ஏழு பிள்ளைகள். மேற்கு மாடி ஒன்றிலேயே எல்லோரும் படுக்க வேண்டும். பெரியவன் இருமினால் சின்னது எழும். சின்னது அழுதால் வீடே எழும். புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் உன் அறை காலியாகக் கிடந்தது. கட்டிலில் இறகு மெத்தை, நீலப் போர்வை. நான் சனிக்கிழமைதோறும் ஜன்னலைத் திறந்து வைப்பேன், போர்வையை உதறிப் போடுவேன்.

சப்மிட் இதைச் சும்மா விடவில்லை. நான் தண்ணீர் எடுக்கச் சமையல் கூடத்தின் வழியே போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம் பேசுவதுபோல் பேசுவாள். "வராத காலுக்கு இறகு மெத்தை. ஓடுற காலெல்லாம் வைக்கோல்ல. தள்ளிப் படுடா, உன் அத்தை வந்து படுக்கணுமாம்." நானும் சும்மா இருந்தவள் இல்லை. "கயிறு பிடிச்சப்போ வாயையும் பாதி பண்ணியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிணற்றுக்குப் போவேன்.

ஒரு இலையுதிர்காலத்தில், என்னைக் கேட்காமல் அவள் பரங்கிக்காய்களை உன் அறையில் கொண்டுபோய் அடுக்கினாள். அங்கே புகைபோக்கியின் சூடு இருக்கும், அழுகாது என்பது அவள் நியாயம். நான் ஒவ்வொன்றாகக் கீழே தூக்கிவந்து படிக்கட்டு வாயில் வைத்தேன். எலியாப் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தவன் அதில் தடுக்கி விழுந்தான். எழுந்து உட்கார்ந்து, ஒரு பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வீட்டுல வாய் பேசாம இருக்கிறது இது ஒண்ணுதான். நான் பரங்கிக்காயையே கட்டியிருக்கலாம்" என்றான். அன்று மட்டும் நானும் அவளும் சேர்ந்து சிரித்தோம். மறுநாள் பழைய கதைதான்.

பிறகு எலியாப் போதகரைக் கூட்டிவந்தான். அவன் கெட்டவன் இல்லை, பிள்ளைகளைப் பெற்றவன். போதகர் மெல்லப் பேசினார். ரோமச் சபையில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவள் நமக்கு மரித்தவளுக்குச் சமம், அம்மா மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றார். "செத்தவங்களுக்கு அறை வேணாம் ஐயா. உயிரோட இருக்கிறவளுக்குத்தான் வேணும்" என்றேன். எலியாப் தலையைக் குனிந்துகொண்டான். உன் ஆத்துமாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிடாதே. அந்தக் கவலையைக் கர்த்தரிடம் சொல்கிறேன். உன்னிடம் சொன்னால் நீ இன்னும் தூரமாகப் போய்விடுவாய்.

இப்படி இருக்கும்போதுதான் டிர்க் வந்தார். நீ உயிரோடிருக்கிறாய் என்று அவர் சொன்னதைச் சமையல் கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்டேன்: "வர்றதைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல அம்மணி. வீட்டைப் பத்தித்தான் கேட்டாங்க." சப்மிட் எழுந்துபோய் அவருக்கு இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றினாள், அவர் போதும் என்று சொல்லியும்.

நான் காத்திருந்தேன். மறுநாள் காலையில் எலியாப் கேட்பான், அதான் கல்யாணமும் ஆகிப் பிள்ளைகளும் ஆயிற்றே அம்மா, இனி எங்கே வரப்போகிறாள் என்று. என்ன பதில் சொல்வது என்று மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. சப்மிட் குத்திப் பேசுவாள் என்று கிணற்றுக்குப் போகும்போது மெதுவாகவே நடந்தேன். அவள் வாளியை வாங்கி, தானே தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். வாரம் போயிற்று, மாதம் போயிற்று. விதைப்பு முடிந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவர்கள் இழுக்க, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இழுக்கிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் கால் தடுமாறியது.

எலியாப் வீட்டின் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கப்போவதாகச் சொல்லி மரம் வெட்டிக் காயவைத்திருந்தான். புதுச் சமையல் கூடம் அங்கே வரும். ஆனால் அது முடிய இன்னொரு வருஷம் ஆகும். கோடையில் சப்மிட்டின் கடைசிக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அந்த மாடியில் அத்தனை மூச்சுக்கு நடுவில் அது கிடந்தது. நான் மேலே போய்ப் பார்த்தேன். பிறகு உன் அறைக்குப் போனேன். சனிக்கிழமை இல்லாத நாளில் அந்த ஜன்னலைத் திறந்தது அன்றுதான். கடல் பக்கக் காற்று வந்தது. கட்டிலும் போர்வையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு வாரமும் நான் உதறிப் போட்டதில் போர்வை ஓரம் நைந்திருந்தது. யாரும் போர்த்திக்கொள்ளாமலே நைந்துபோன போர்வை, தபிதா.

கீழே இறங்கி, சப்மிட்டிடம் குழந்தையைக் கிழக்கு அறைக்குத் தூக்கிவரச் சொன்னேன். மற்றதுகளும் அங்கேயே படுக்கட்டும் என்றேன். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேணாம்மா" என்றாள். "அவ வந்தா எங்க படுப்பா?"

இத்தனை நாள் பேசின பேச்சென்ன, இப்போது சொல்வதென்ன என்று கேட்டுவிட்டேன். அவள் மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் ஆன மாசமே எங்கம்மா என் கட்டிலைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டா. அஞ்சு மைல்ல இருக்கேன். ஒருநாள் சண்டை போட்டுக்கிட்டு அங்க போனேன். படுக்க இடம் இல்ல, பெஞ்சுல உக்காந்திருந்துட்டு விடிஞ்சதும் திரும்பி வந்தேன். எங்கயோ கனடாவுல இருக்கிறவளுக்கு இங்க போர்வை உதறிப் போடுறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் பேசினேன். அந்த டச்சுக்காரர் சொல்லும்போது உங்க முகத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் அந்த அறையில கால் வைக்க எனக்கு மனசு வரல."

நான் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாவு பொங்கி வழியும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு நானே மேலே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் கட்டிலில் போட்டேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, காற்றினாலா கர்த்தர் கிருபையாலா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது அது அப்பத்தைத் திருடித் தின்கிறது.

அறையைச் சும்மா கொடுத்தால் போதாது, பின்னால் வழக்கு வராமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. எலியாப், "அம்மா, நான் கேக்கவே இல்லையே" என்றான். "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றேன். மூவரும் மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போனோம். கால் வாதத்தால் காலை முக்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு, அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் படித்தார். மேற்படி தபிதா இறந்தவளாகக் கருதப்படுவதால், என்று ஆரம்பித்தது. நான் எழுந்துவிட்டேன். அது வெறும் சட்ட வார்த்தை, அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்றார். நான் பேசுவதற்குள் சப்மிட் பேசிவிட்டாள். "செத்தவ யாராவது, வீடு எப்படிக் கட்டினதுன்னு கேட்டு ஆள் அனுப்புவாளா ஐயா?"

அவர் அவளை ஒருமுறை முறைத்துவிட்டு, அந்த வரியை அடித்தார். அப்படியானால் உயிலில் இருப்பதை நான் சொல்ல வேண்டும், காத்திருந்தது போதும் என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அந்த வார்த்தையை உன் அப்பா எனக்காக விட்டுப்போயிருந்தார். அவருக்கு என்னைத் தெரியும். அது எனக்குப் பாரமாக இருக்கும் என்று நினைத்தாரா, விடுதலையாக இருக்கும் என்று நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எலியாப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன்: "அறை காத்திருந்தது போதும்னு எழுதிக்குங்க. நான் காத்திருக்கிறது என் சமாசாரம். அது அந்த உயில்ல இல்ல."

மாஜிஸ்திரேட் பேனாவை மையில் தோய்த்தார். பிறகு அப்படியே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆக, நீ பிறந்த வீட்டில் உன் பெயரில் இப்போது அறை இல்லை. இதை நீ மற்றவர் வாயால் கேட்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். உன் கட்டிலில் மூன்று பெண்கள் குறுக்கே படுக்கிறார்கள். தாழ்ந்த ஜன்னல் நடுப்பெண்ணுக்குச் சரியாக இருக்கிறது. கொக்கு இறங்கினால் அங்கிருந்தே கத்திச் சொல்கிறாள்.

உன் கணவருக்கு இன்னும் ஒன்று சொல். சாய்ப்பு வேலை ஆரம்பித்துவிட்டது. பின்கூரை மாடியிலிருந்து ஒரே சரிவாக இறங்கி, எலியாப் கை நீட்டித் தொடும் உயரத்துக்கு வந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் உன் அப்பாவின் வீடு, பக்கத்திலிருந்து பார்த்தால் அடைகாக்கக் குந்தின கோழி. பின்சுவரில் வாசல் வெட்டியபோது நான் மிதித்த களிமண் கட்டி கட்டியாக விழுந்தது. வைக்கோல் இன்னும் மஞ்சளாக இருந்தது. அதை வீணாக்காமல் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் புதுச் சுவருக்கே அப்பினார்கள். மழைக்கும் பனிக்கும் கல்தான் நிற்கும் என்கிறாராமே உன் கணவர். நிற்கட்டும். நாங்களும் நிற்கிறோம்.

என் பாதியைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். கீழே இருக்கும் கிழக்கு அறை என்னுடையது. பெரிய அறை, கணப்பு புகையை நன்றாக இழுக்கும், தெற்கு வெயில் வரும். ஒரு குடும்பம் தாராளமாகத் தங்கலாம். அதில் யாரை வைத்துக்கொள்வது என்பது என் இஷ்டம், எந்தச் சபை என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அது என் உயிர் உள்ளவரைதான். பிறகு அதுவும் எலியாபுக்குப் போய்விடும். எனக்கு வருகிற பனிக்காலத்தோடு அறுபத்து மூன்று முடிகிறது. பயப்படாதே, திடமாக இருக்கிறேன். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

டிர்க் ஒவ்வொரு வசந்தத்திலும் பனி இளகியதும் மொன்றியாலிலிருந்து ஏரி வழியே ஆல்பனிக்குப் படகில் இறங்குவாராம். பிள்ளைகள் இருந்தாலும் அந்தப் பாதை கஷ்டமில்லை என்கிறார். அங்கிருந்து இங்கே வரை இப்போது குதிரை போகும் பாதை இருக்கிறது. நீ போனபோது அது இல்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

உன் பிள்ளைகளின் பெயர்களை டிர்க்கிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். காலை ஜெபத்தில் சொல்கிறேன். நான் உச்சரிப்பது அவர்களுக்கே புரியாது, கர்த்தருக்குப் புரியும். அவர் உன்னையும் உன் கணவரையும் அந்த மூன்று பேரையும் தம் செட்டைகளின் கீழே மூடிக்காப்பாராக. உன் கற்சுவர்களுக்குள் நெருப்பு அணையாமல் இருப்பதாக. நீ யார் வீட்டு வாசலில் நின்றாலும், உள்ளே இருப்பவர்கள் உன்னை அடையாளம் கண்டுகொள்ளும் நாளை அவர் தருவாராக.

உன்னைப் பெற்றவள்,
டாம்சின் ஸ்வெய்ன்.